பூநாரைகள் எழும்பிப் போன பின்பு

கோடியக்கரை
12.11.2023

அன்புத் தம்பி அருளுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் அம்மாவும் நலமா? அப்பாவின் கோபமும் நலமாகத்தான் இருக்கும்.

போனில் என் பெயரைப் பார்த்தால் வீட்டில் ரகளையாகும் என்று நீ சொன்னதால், உன் நண்பன் ஈஸ்வரமூர்த்தியின் மருந்துக்கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். உனக்குப் பெண் நிச்சயமானதுகூட அவன் சொல்லித்தான் தெரியும். அதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வேலை செய்தேன்.

மழை பிடித்ததும் இங்கே பறவைகள் வரத் தொடங்கிவிட்டன. நேற்று, பறவைகளுக்கு வளையம் மாட்ட நாங்கள் விரித்த வலையில் கொசு உள்ளான் என்கிற சின்னப் பறவை ஒன்று விழுந்தது. உன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். காலில் பார்த்தால் போன வருஷம் நானே மாட்டிவிட்ட வளையம். சைபீரியா வரை போய்விட்டு அதே சேற்றுக்குத் திரும்பியிருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து இங்கே வர உனக்குத்தான் வழி தெரியவில்லை.

அருளு, ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேறு சாதியில் கட்டிக்கொண்டேன் என்று அப்பா என்னை வீட்டுக்குள் விட வேண்டாம். ஆனால் உன் கல்யாணத்தில் இணைச்சீர் நான்தான் செய்வேன். கல்யாணம் ஆனாலும் கூடப்பிறந்தவளைக் கைவிட மாட்டேன் என்று மாப்பிள்ளை ஊரறியச் சொல்லுகிற சீர் அது. உனக்கு இருப்பது ஒரே அக்கா. உன் பக்கத்தில் வேறு யார் நிற்பது?

உன் அக்கா,
லோகு

*

ஆர்.எஸ்.புரம்
28.11.2023

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மருந்துக்கடையில் நின்றபடியே படித்தேன். “ஏன்டா, மாத்திரை ஏதாச்சும் வேணுமா?” என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டான். என் முகம் அப்படி இருந்ததாம்.

நீ இல்லாமல் எனக்கு இணைச்சீரா? உக்கடம் குளத்தில் நாமக்கோழியைப் பார்த்து நான் வாத்து என்று சொல்ல, வீடு வந்து சேரும்வரை கேலி செய்தாயே, நினைவிருக்கிறதா? இப்போதும் குளத்தோரமாக வண்டியில் போனால் வாய்விட்டு “நாமக்கோழி” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பெண் பேசப் போனபோது சண்முகப்பிரியா வீட்டாரிடம் அப்பா என்னை ஒரே பிள்ளை என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் வரவில்லை அக்கா. கல்யாணத்துக்குள் எப்படியும் பேசிச் சரிசெய்துவிடுவேன். தை மாதக் கடைசியில் முகூர்த்தம். நீ லீவு மட்டும் சொல்லி வை.

உன் தம்பி,
அருள்குமார்

*

கோடியக்கரை
17.1.2024

அன்பு அருளுக்கு,

பொங்கல் எப்படிப் போயிற்று? பத்திரிகை இன்னும் வரவில்லை. தபாலில் தாமதம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பியதுபோல் நடிக்கிறார்.

இணைச்சீருக்கென்று அரக்கு நிறத்தில் ஒரு பட்டு எடுத்தேன். அவரும் ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டார். மண்டபத்துக்குள் வர மாட்டாராம், வெளியே நின்றுகொள்கிறாராம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. லீவு கிடைத்துவிட்டது. எந்த நாள், எந்த மண்டபம் என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

உன் அக்கா,
லோகு

*

ஆர்.எஸ்.புரம்
14.2.2024

அன்புள்ள அக்கா,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. கல்யாணம் முடிந்துவிட்டது. பெரியப்பா மகள் ஹர்ஷிணிதான் இணைச்சீர் செய்தாள். உன் பேச்சை எடுத்தாலே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்ணு, இந்த ஒரு நாளு மட்டும் பொறுத்துக்கோ” என்றாள். பொறுத்துக்கொண்டேன். நீ திட்டலாம்.

ஆனால் கேள். அடுத்த வாரம் சண்முகப்பிரியா வீட்டாரோடு திருநள்ளாறு வருகிறோம். ஞாயிறு காலை பறவை பார்க்கக் கோடியக்கரைக்குக் கூட்டிவருகிறேன். அப்பா இல்லை, யாருக்கும் பயமில்லை. எல்லோர் முன்னாலும் உன் கையைப் பிடித்து, இவள்தான் என் அக்கா என்று சொல்லுவேன். அதுதான் எனக்கு இணைச்சீர். என்னை நம்பு.

உன் தம்பி,
அருள்குமார்

*

கோடியக்கரை
27.2.2024

அருள்குமாருக்கு,

நம்பினேன். அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு சேற்றுக்கு வந்தேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். தம்பி பெண்டாட்டியோடு வருகிறான் என்று சொன்னேன். அவளுக்காக விடியுமுன் எழுந்து பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டு சுட்டிருந்தேன். அவர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜீப் பக்கத்தில் நின்றார்.

நீ வேனிலிருந்து இறங்கி வந்து, “பறவை காட்டறவங்க நீங்கதானுங்களா மேடம்?” என்றாய்.

விளையாடுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன். பிறகு உன் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்துவிடாதபடி அவரைக் கண்ணால் தடுத்தேன். தொலைநோக்கியை உப்பளத்துப் பக்கம் திருப்பி எல்லோருக்கும் பூநாரைக் கூட்டத்தைக் காட்டினேன்.

உன் மாமியார் நல்ல மனுஷி. “ஏனுங்க அம்மணி, பேச்சு நம்மூராட்டவே இருக்குதே. எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டார். கோயமுத்தூர், இங்கே வாக்கப்பட்டு வந்தேன் என்று சொன்னேன். “அப்ப கூடப்பொறந்தவங்கெல்லாம் அங்கதானுங்களா?” என்றார்.

உன்னைப் பார்த்தேன். உனக்காகத்தான் அந்த நேரத்தை விட்டேன் அருள். நீ குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டாய்.

அப்போதுதான் கூட்டம் மொத்தமும் எழும்பியது. சண்முகப்பிரியா கத்திவிட்டாள். எல்லோரும் தலையைத் தூக்கி, சிவந்த இறக்கைகளை வானத்தில் பார்த்தார்கள். நீ மட்டும் கண்ணை எடுக்கவில்லை. பறவைகள் மறைந்து, எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகும் எடுக்கவில்லை. அதில் வெறும் தண்ணீர்தான் தெரிந்திருக்கும்.

“யாருமில்லீங்க. நான் ஒருத்திதானுங்க” என்று உன் மாமியாரிடம் சொன்னேன்.

அதன் பிறகுதான் நீ நிமிர்ந்தாய்.

அப்பா என்னை வெளியே தள்ளினபோது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவர் வாய்விட்டுச் சொல்லித் தள்ளினார். அன்று வாசலில் நின்று அழுத நீ ஒருவன் இருந்தாய். இத்தனை வருஷமும் அதை வைத்துத்தான் ஓட்டினேன். இப்போது எனக்கு அதுவும் இல்லை.

ஒப்புட்டை வழியில் நின்ற வனக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அவர் புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

கிளம்பும்போது சண்முகப்பிரியா என் கையைப் பிடித்து, “அடுத்த வருஷமும் வாரோமுங்க” என்றாள். கூட்டிக்கொண்டு வா. கார்த்திகையிலிருந்து மாசிவரை இங்கேதான் இருப்பேன். எல்லோருக்கும் காட்டுவதுபோல உங்களுக்கும் காட்டுவேன்.

மருந்துக்கடை விலாசத்துக்கு இது கடைசிக் கடிதம். நீ எழுதினாலும் எழுது. அக்கா என்று மட்டும் போடாதே.

லோகப்பிரியா