அலையாத்தி வேரில் சிக்கிய அஞ்சலி பேனர்

கோபத்திலும் சிரித்துவிடுகிற என் அக்காவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. புனேயில் எல்லாரும் சௌக்கியம். காலையில் கராடிக்கு ஆபீஸ் போகிறேன், சாயங்காலம் வானவடி வீட்டுக்குத் திரும்புகிறேன், வழியில் துணிப்பையை நீட்டிக் காய்கறி வாங்குகிறேன். பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று கடைக்காரரிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன், நாலு பேர் காதில் விழட்டும் என்று. உன் தம்பி அவ்வளவு நல்லவன்.

மேற்கொண்டு எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போன வாரம் உன் மகள் கயல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் கல்லூரியிலிருந்து நம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குச் சேறு எடுக்கப் போயிருக்கிறார்கள். குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, சலித்து, அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. அங்கே மூச்சு வேர்களுக்கு நடுவே ஒரு ஃபிளெக்ஸ் பேனர் சிக்கிக் கிடந்ததாம். உனக்கு நான் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர், அக்கா.

வெயிலில் பாதி உரிந்துவிட்டது. உன் முகம் இருந்த இடத்தில் வெறும் நூல்தான் மிச்சம். கீழ்ப்பக்கம் மடங்கி நிழலில் கிடந்ததால், துக்கத்தில் வாடுவோர் வரிசையில் என் படம் மட்டும் கூலிங்கிளாஸோடு பளிச்சென்று இருக்கிறது. என் மகள் நிலா போனை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

“அப்பா, இதுல உங்க பேரு இருக்கு, புனேன்னு இருக்கு. அத்தை பேரு கஹான் ஹை?”

அத்தை பேர் எங்கே என்று கேட்கிறாள். உரிந்துபோன பக்கத்தை விரலால் காட்டினேன்.

அந்தப் பேனர் வந்த கதை உனக்குத் தெரியாது. செய்தி வந்த அன்று, உன்னை எடுப்பதற்குள் வந்து சேர மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. ‘புனேக்காரன் வரல பாத்தியா’ என்று ஊர் பேசுமே என்ற பயம் எனக்கு. விமான நிலையத்தில் உட்கார்ந்தபடியே நம் சித்தப்பா மகன் செல்வத்துக்குப் போன் போட்டேன். “இருக்கறதுலயே பெரிய சைஸா அடிக்கச் சொல்லுடா. பஸ் ஸ்டாண்டு, படகுத்துறை, எல்லா எடத்துலயும் கட்டு” என்றேன். உனக்காக அழுவதற்கு முன்பே பேனருக்கு ஆர்டர் கொடுத்தேன், அக்கா. காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டேன். கட்டியதை யார் அவிழ்ப்பார்கள் என்று யோசிக்கக்கூட இல்லை. படகுத்துறையில் கட்டியது காற்றில் பிய்ந்து, கடல் ஓதத்தோடு காட்டுக்குள் போயிருக்கிறது.

போய்ச் சிக்கிய இடமாவது வேறாக இருந்திருக்கக் கூடாதா? உன் மகளிர் குழு அலையாத்திக் கன்று நட்ட அதே வாய்க்கால் கரை. கன்றை நட்டுவிட்டு, அது இருந்த கறுப்புப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வருவாய். ஒரு பைதானே, விட்டுட்டு வாயேன் என்று ஒருதரம் சொன்னேன். “நீ மொதல்ல சேத்துல கால வையி, அப்பறம் பேசு” என்று என் பேண்ட்டைப் பார்த்துச் சிரித்தாய்.

சேற்றில் கிடைத்த துகள் இந்தப் பேனருடையதுதானா என்று கயலிடம் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடமாட்டாளா என்ற நப்பாசை.

“அப்புடி சொல்ல முடியாது மாமா. வலை நூலு, பையி, எல்லாந்தான் கெடக்கு. ஆனா அம்மா போர்டு இல்லன்னும் சொல்ல முடியாது. அங்க உள்ள போனது லேசுல வெளிய வராது. வேரு புடிச்சி வச்சிக்கும்.”

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. உன் மகளுக்குத் தாய்மாமன் செய்த சீர் இது.

இதற்கு நடுவில் செல்வம் கூப்பிட்டான். “அண்ணே, மொத வருசத்துக்குப் போன தடவையவிடப் பெருசா அடிச்சிருவமா? சும்மா விட்டா ஊரு என்ன பேசும்?”

உடனே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாயா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும்! ஊர் வாய்க்கு நான் அவ்வளவு பயந்தவன். எந்தப் படம் நன்றாக இருக்கும் என்று உன் பழைய போட்டோக்களைப் புரட்டக்கூடச் செய்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இன்று காலைதான் செல்வத்தைக் கூப்பிட்டுப் பேனர் வேண்டாம் என்றேன்.

“அக்கா மேல பாசமே இல்லம்பாங்கண்ணே.”

“சொல்லட்டும்டா” என்றேன். அவன் மறுபடி கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

திதிக்கு வருகிறேன், அக்கா. ஓதம் வற்றிய நேரம் பார்த்து, கயலோடு சேற்றில் இறங்குவேன். வேர் ஒடியாமல், கைக்கு வருகிற துண்டையெல்லாம் எடுத்துக் கரையேற்றுவேன். இது உன் மேல் சத்தியம். கைக்கு வராமல் பொடிந்து போனதை என்ன செய்வது என்று கயலுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நண்டு தின்னும், மீன் தின்னும், நீ நட்ட மரங்கள் அதன் மேலேயே வேர் விட்டு வளரும். உனக்கு அஞ்சலி என்று நான் செய்ததில், உன் காட்டில் நிலைக்கப் போவது அது ஒன்றுதான்.

தலை குனிந்தபடி,
உன் கூடப்பிறந்த தம்பி