முழங்கையில் பச்சை நூல்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாமாவும் அப்படியே இருங்கள். போனில் எழுதுவதையெல்லாம் புதுச் சட்டப்படி யாரோ படிக்கிறார்களாம். தபாலுக்கு இன்னும் அடையாள எண் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பேனா.

உங்கள் அரசு விளம்பரத் துறையின் போஸ்டரை என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறார்கள். 'பக்கத்து வீட்டிலும் ஒரு ஹேக்கர் இருக்கலாம்.' கறுப்புச் சட்டையின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, முகமே இல்லாமல் ஒருத்தன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். "இவனுங்கதான் ஆஸ்பத்திரி கரண்ட்டை கட் பண்ணப் போறானுங்களாம்," என்று பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவன் இடது முழங்கையைப் பார்த்தேன். கறுப்புச் சட்டைக் கிழிசலைப் பச்சை நூலால் தைக்க உன்னைத் தவிர யாருக்கு மனசு வரும்?

ஐந்து வருடத்துக்கு முன், உன் சமையலறை. "மாடல் வரலடா, அஞ்சு நிமிஷம் உட்காரு," என்றாய். இலவசக் கணினிப் பயிற்சி விளம்பரத்துக்கு எடுத்த படம். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை எங்கே போட்டாய்?

உன் தம்பி

மார்ச் 9

என் செல்லத் தம்பிக்கு,

மாமாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. நீ வந்து ஒன்பது மாதம் ஆகிறது, நினைவிருக்கிறதா?

சாயங்காலத்துக்குள் போஸ்டர் வேண்டும் என்றார் இயக்குநர். பழைய படங்களில் அதுதான் பொருந்தியது. முகத்தைக் கறுப்பாக்கியதே உனக்காகத்தான். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். என் மேல் கோபம் வேண்டாம். அந்த ஹேக்கர் ஆட்கள் ஆபத்தானவர்கள் என்றுதான் எங்களிடமும் சொல்கிறார்கள். நீ வாயை அடக்கிக்கொண்டு கடையைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 17

அக்கா,

அந்த ஆட்கள் என்ன செய்தார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? நகராட்சி மறைத்து வைத்திருந்த குடிநீர்ச் சோதனை அறிக்கையை நகராட்சியின் இணையதளத்திலேயே ஏற்றினார்கள். நம் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறது. ஈயத்தைப் பற்றி ஒரு போஸ்டர் போட்டீர்களா?

உன் பச்சை நூல் எதிர்த்த டீக்கடைக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. "என்ன தம்பி, ஊரெல்லாம் உங்க படம்தான் ஓடுது போல," என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. கடைக்குப் பூட்டுப் போட்டு, கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பள்ளி ஆசிரியையின் மடிக்கணினியும் அதில் போய்விட்டது. கடைக்கு வந்தவர்களில் யார் யார் அந்த அறிக்கையைப் படித்தார்கள் என்ற பட்டியல் கேட்கிறார்கள். என்னிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை.

28ஆம் தேதி விசாரணை. ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடு: இந்தப் படத்தை நான் என் வீட்டில் எடுத்தேன், பயிற்சி விளம்பரத்துக்காக எடுத்தேன், இவன் என் தம்பி. கீழே உன் கையெழுத்து. வேறு எதுவும் கேட்கவில்லை.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

எழுதித் தர முடியாதுடா. போஸ்டர் பொய் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேலை போவதோடு நிற்காது. மாமாவால் இனி வேலைக்குப் போக முடியாது, உனக்கே தெரியும். ஆனால் உன்னைக் கைவிட மாட்டேன். எனக்குத் தெரிந்த வேலையை வைத்து முடிந்ததைச் செய்கிறேன். வியாழக்கிழமை வரை பொறுத்திரு.

அக்கா

மார்ச் 29

அக்கா,

வியாழக்கிழமை பார்த்தேன். ஊர் முழுக்கப் பழைய போஸ்டரின் மேல் புதுப் போஸ்டர். அதே ஆள், அதே சட்டை. முழங்கையில் பச்சை நூல் மட்டும் இல்லை. சுத்தமாக அழித்திருக்கிறாய். உன் கைத்திறனுக்கு என்ன குறை.

விசாரணையில் இன்ஸ்பெக்டர், கொண்டுவரச் சொல்லியிருந்த என் சட்டையையும் புதுப் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "தையலே இல்லையேப்பா. இது நீ இல்ல, கிளம்பு," என்றார். கடைச் சாவியும் கிடைத்துவிட்டது. நீ நினைத்தது நடந்தது.

அன்று சாயங்காலமே எங்கள் தெருவுக்குக் கூரியர் கொண்டுவருகிறவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடையதும் தொப்பி வைத்த கறுப்புச் சட்டை. முழங்கையில் கிழிசலும் இல்லை, தையலும் இல்லை. அவர் மனைவி என் கடை வாசலில் நின்று, "உங்களை விட்டுட்டாங்களே அண்ணா, அவங்ககிட்ட என்ன சொன்னீங்க? எனக்கும் சொல்லிக் கொடுங்க," என்று கேட்கிறாள். என்ன சொல்லிக் கொடுப்பேன்?

இதுவரை அந்தப் போஸ்டரில் இருந்தது நான் ஒருத்தன்தான். இப்போது யாரை வேண்டுமானாலும் அதில் உட்கார வைக்கலாம்.

மேலே புதுசை ஒட்டுவதற்கு முன்பே பஸ் நிறுத்தத்துப் பழைய போஸ்டரை உரித்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன்; அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். படத்தில் இருப்பது நான், கூரியர்காரர் இல்லை என்று சொல்லப் போகிறேன். யார் எடுத்தது என்று கேட்பார்கள். சொல்வேன். மாமாவிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு.

இன்று சட்டையை எடுத்து உதறிப் பார்த்தேன். பச்சை நூல் ஓர் இழைகூடப் பிரியவில்லை, அக்கா.

தம்பி