தட்டோரத்துக் கோவைக்காய்

மூவுலகும் அஞ்சும் அண்ணிக்கு, கொழுந்தன் எழுதுவது.

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் தபால்காரரை நம்புகிறேன். அண்ணனைப் பற்றி இதில் ஒரு வரியும் வராது. அவர் வைக்கும் சாம்பாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வாசனைக்கு நம் குவார்ட்டர்ஸ் நாய்களெல்லாம் குள்ளஞ்சாவடி தாண்டி ஓடிவிட்டன.

நீங்கள் போனதிலிருந்து வெண்மதி தயிர்சோறு தவிர எதையும் தொடவில்லை. நேற்று நான் கோவைக்காய் வறுத்தேன். பெற்ற மகளல்லவா, உங்களைப் போலவே தட்டைத் தள்ளினாள்.

"இது பெர்மனென்ட் இல்ல கண்ணு, கான்ட்ராக்ட்தான். ஓரமா நிக்கட்டும். புடிக்கலன்னா அனுப்பிடலாம்" என்றேன். சுரங்கத்தில் நான் வேலைக்கு நிற்பதும் அப்படித்தானே!

ஒரு துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விதைகளைப் பார்த்தாள்.

"சித்தப்பா, இது வெள்ளரிக்காயோட குட்டியா?"

"ஆமா. வூட்ல கோச்சிகினு வந்துடுச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோவைக்காயைக் கடித்தாள். மெதுவாக மென்றாள். இன்னொன்று எடுத்தாள்.

"இது பெர்மனென்ட்" என்று உத்தரவு போட்டுவிட்டு, "அம்மா ஆயா வூட்டுக்குப் போனது பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்றாள்.

சாம்பார் கரண்டியோடு ஒருவர் அப்படியே நின்றார். யாரென்று எழுதமாட்டேன்.

"கான்ட்ராக்ட்தான் கண்ணு. முடிஞ்சதும் வந்துடுவாங்க."

அண்ணி, நான் வாயைத் திறந்தாலே பொய் என்பது சேத்தியாத்தோப்பு வரை தெரியும். இந்த ஒன்றை மட்டும் மெய்யாக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
கோவைக்காய் முந்திக்கொண்ட பின்னும்
இன்னும் பெர்மனென்ட் ஆகாத கொழுந்தன்