பொம்மையின் நாடி

அடி வாயாடி,

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். வார்டு சுத்தமாக இருக்கிறது. சீருடைதான் இடுப்பில் கொஞ்சம் தொளதொள. சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

பயிற்சி அறையில் பொம்மை நோயாளியை வைத்துப் பழகினோமே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நாடி கிடையாது. நான் அதன் மணிக்கட்டில் விரலை வைத்து, "நாடி பார்க்கிறேன்" என்று உரக்கச் சொல்வேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நீ மைக்கில் எண்ணைச் சொல்வாய். "எழுபத்திரெண்டு. டீச்சர் டீ குடிக்கப் போயிட்டாங்க, மெதுவாவே பாருடி!" என் தாளில் டீச்சர் 'தன்னம்பிக்கை அபாரம்' என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை ஏழாம் படுக்கை அம்மாவுக்குத் திடீரென்று கண் செருகியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "நாடி பார்க்கிறேன்" என்று உரக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, உன் குரல் வரும் என்று நின்றேன். அரை நிமிடம் இருக்கும். ஹெட் நர்ஸ் ஓடி வந்து, என்னைத் தள்ளிவிட்டு அந்த அம்மாவின் நெஞ்சை அழுத்தத் தொடங்கியபோதுதான், என் விரலுக்கடியில் எதுவுமே துடிக்கவில்லை என்பது உறைத்தது.

பிழைக்கவில்லை. "நீ என்ன பண்ணியிருந்தாலும் இதான்மா நடந்திருக்கும்" என்கிறார் டாக்டர். இருக்கலாம்.

நேற்று அந்த அம்மாவின் மகள் என்னைத் தேடி வந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னாராம். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்: "கடைசி நேரத்துல எங்கம்மா கைய விடாம பிடிச்சிட்டு இருந்தீங்களாமே. நீங்க நல்லா இருக்கணும்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்டி.

உன் குரலுக்காகக் காத்து நின்றவள்