உங்க பாதி, என் பாதி

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். நேத்து கோபத்துல தொடாம படுத்த மாதிரி இன்னிக்கும் பண்ணாதீங்க.

நேத்து என்கிட்ட நீங்க தோத்த செஸ் ஆட்டத்துல எங்க தப்புன்னு பார்க்க உங்க நோட்டை எடுத்தேன். உங்க நகர்த்தல் மட்டும்தான் எழுதியிருக்கு, என்னோடது ஒண்ணுகூட இல்ல! சண்டையில மட்டும் நான் சொன்னது ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்குமே.

சரின்னு என் பாதியை நானே யோசிச்சு எழுதிச் சேர்த்தேன். ராணி வெட்டுப்பட்டதும் தலையில கைய வச்சுட்டு ஆட்டத்தை விட்டீங்களே, உங்க அண்ணன் முன்னாடி நான் விழுந்து விழுந்து சிரிச்சேனே, அப்போ உங்க குதிரை ஒரே தாவல்ல என் ராஜாவை முடிச்சிருக்கும். நானும் பார்க்கல.

பலகையில காயை அப்படியே அடுக்கியிருக்கேன். துடைக்கிறேன்னு கலைச்சுடாதீங்க. ஆறு மணிக்கு வந்துடுவேன், அண்ணனையும் கூப்பிட்டிருக்கேன். நான் சிரிச்சப்போ இருந்தவர், நான் தோக்கும்போதும் இருக்கட்டும்.

மறந்துட்டேன்: வெளிய போனா பூட்ட வீட்டுச் சாவி செருப்பு ஸ்டாண்டுல.

இன்னொண்ணு: எந்தக் குதிரைன்னு கேட்டு வேலை நேரத்துல போன் பண்ணாதீங்க. உங்ககிட்ட மிச்சம் இருக்கறதே ஒரு குதிரைதான்.