காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்

ஜூன் 3
நான் கொசு எண்ணுகிறேன் என்று மாடிப்படியில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. எண்ணுவதில்லை, இனம் பிரிக்கிறேன். சுகாதார அலுவலகம் கணக்கெடுப்புக்காக என் பால்கனியிலும், கீழே வீடும் கடையுமாக இருக்கும் தையற்காரரின் பின்கட்டிலும் ஆளுக்கொரு கொசுப்பொறி வைத்திருக்கிறது. விழுந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதித் தருவதாக நானே முன்வந்தேன். கான்வென்டில் அடி வாங்கிக் கற்ற கையெழுத்து வீணாகக் கூடாதல்லவா.

போன மாதம் எனக்கு டெங்கு வந்ததற்கு அவர் பின்கட்டுச் சாக்கடைதான் காரணம் என்று புகாரும் கொடுத்திருக்கிறேன். மூன்று பக்கம். ஒரு பிழைகூட இல்லை.

ஜூன் 6
அவர் கடைக் கதவில் நோட்டீஸ். மறு உத்தரவு வரை மூட வேண்டும்.

"பள்ளிக்கூடம் அடுத்த வாரம் திறக்குது. நாப்பது யூனிஃபார்ம் பாதில நிக்குது. திருப்திதானே பெரியம்மா?" என்றார்.

முகவாயை உயர்த்தினேன். அப்படியே படியேறி வந்துவிட்டேன்.

ஜூன் 7
அவர் பொறியில் எல்லாம் பழுப்பு, கியூலெக்ஸ். டெங்கு பரப்பாத இனம். என் பொறியில் பதினொன்று, காலில் வெள்ளை வரி. ஏடிஸ். டெங்கு பரப்பும் இனம். கீழிருந்து வந்திருக்கும் - படியேறும்போது காலுறை மாற்றிக்கொண்டதோ?

ஜூன் 8
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வரிதான்.

ஜூன் 9
சுகாதார ஆய்வாளர் அம்மாள் வந்து என் பொறியைப் பார்த்தார். "இது சாக்கடைக் கொசு இல்ல மேடம். இதுக்கு நல்ல தண்ணிதான் பிடிக்கும். உங்க வீட்டைப் பாக்கலாமா?"

தாராளமாக, என்றேன். என் வீட்டில் என்ன இருக்கப் போகிறது!

ஜன்னலில் மணிபிளான்ட் பாட்டில்கள் ஏழு. ஏழிலும் புழு நெளிந்தது.

"தண்ணி மாத்துவீங்களா?"

"குறையக் குறைய ஊத்துவேன். காய்ச்சி, ஆறவெச்சு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லாத்தான் வளத்திருக்கீங்க."

பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

புகாரை நான் எழுத்தில் வாபஸ் வாங்கினால்தான் கடையைத் திறக்க முடியுமாம். ஒரு வரி போதுமாம். காரணம் சொல்ல வேண்டியதில்லையாம்.

ஜூன் 10
நாலு தாள் கிழித்தேன். "தகவல் பிழையால்" - யாருடைய பிழை? "தவிர்க்க முடியாத காரணங்களால்" - ஏழு பாட்டிலையும் தவிர்த்திருக்கலாமே.

சுகாதார அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்ததன் நகல்:

ஐயா, இந்தக் கட்டடத்தில் டெங்குக் கொசு வளர்த்தது நான், தையற்காரர் அல்ல. அவர் கதவிலுள்ள நோட்டீஸை இன்றே எடுத்து என் கதவில் ஒட்டவும். ஒட்டிய விவரத்தை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.