என் லிஸ்ட், அவள் விசா

ஏப்ரல் 20, ஞாயிறு

பாரதிக்கு வேலை உறுதியாகிவிட்டது. இங்கிலாந்தில் லீட்ஸ், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜூலையில் சேர வேண்டுமாம். அடையாறில் பதினொரு வருஷம் ஐசியு பார்த்தவள், தகுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? நான் சொல்லவில்லை. புருஷனாக லட்சணமாக அல்வா வாங்கி வந்தேன். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஏழு வருஷம் கனடா கனடா என்று அலைந்தவன் நான். இங்கிலீஷ் பரீட்சை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டது. இவள் ஒரே தடவையில் பாஸ்.

ஏப்ரல் 23, புதன்

"உங்க லிஸ்ட்ட குடுங்களேன்" என்றாள். கனடாவுக்காக நான் எழுதி வைத்தது. போலீஸ் சான்றிதழ். காசநோய் இல்லை என்பதற்கு எக்ஸ்ரே. பல்லை இங்கேயே பார்த்துவிட வேண்டும், அங்கே பல் டாக்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கண்ணாடி இரண்டு ஜோடி. மாத்திரைக்கு டாக்டர் சீட்டு. கேஸ் இணைப்பை ஒப்படைப்பது. குக்கருக்கு உபரி கேஸ்கெட். குளிர் கோட்டு மட்டும் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். இப்படி நாற்பத்திரண்டு வரி, ஒவ்வொன்றும் நாலு பேரிடம் விசாரித்து எழுதியது. அவள் பச்சைப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போகிறாள். எனக்கென்று தைத்த சட்டையை இன்னொருத்தர் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஏப்ரல் 26, சனி

கடையில் தெரிந்துவிட்டது. அய்யாதுரை மாமாவின் ஜவுளிக்கடையில் நான் புடவை செக்‌ஷன். பக்கத்து கவுன்டர் ராஜரத்தினம் புடவை மடித்துக்கொண்டே கேட்டான்: "இன்னா மச்சி, அண்ணி உன்ன இட்டுகினு போறாங்களாமே?"

இட்டுக்கொண்டு போகிறாளாம். நான் என்ன கைக்குழந்தையா? மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

விண்ணப்பத்தில் என் பெயருக்கு எதிரே டிபெண்டன்ட் என்று போட்டிருக்கிறது, அவளை அண்டியிருப்பவனாம். முப்பத்தொன்பது வயசில்.

மே 2, வெள்ளி

என் லிஸ்டில் ஒன்றை நானே கோட்டை விட்டிருக்கிறேன் — கல்யாணப் பதிவு. 2014-ல் வடபழனி கோயிலில் தாலி கட்டினோம், பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு போட்டோம், அதோடு சரி. ஊரே வந்து சாப்பிட்டுப் போனதற்கு மேல் என்ன சாட்சி என்று இருந்துவிட்டோம். இப்போது பதிவு செய்ய கோயில் ரசீது வேண்டும், இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை. ரசீதும் ஆல்பமும் மறுவருஷ வெள்ளத்தில் போய்விட்டன. பதிவு இல்லாவிட்டால் எனக்கு விசா இல்லை.

பத்திரிகை எங்காவது இருக்கும், தேடுங்க என்றாள்.

மே 4, ஞாயிறு

கிடைத்தது. என் பழைய கனடா ஃபைலுக்குள்ளேயே இருந்திருக்கிறது, மூலையில் தடவிய மஞ்சளோடு. கூப்பிட வாயெடுத்தேன். அவள் கூடத்தில் லீட்ஸ் ஆஸ்பத்திரிக்காரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், இங்கிலீஷில், சிரித்துச் சிரித்து. ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை.

பத்திரிகையை என் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன்? தெரியவில்லை என்று எழுத வந்தேன். தெரியும். எனக்கு விசா வரலைன்னா இவளும் போகமாட்டா. வயித்தெரிச்சல்டா பாலகணேஷ், வேற என்ன.

மே 10, சனி

கோயிலில் நகல் ரசீது கேட்கிறேன் என்று வடபழனிக்குக் கிளம்பினேன். கோயிலுக்குள் போகவேயில்லை. பஸ் டிப்போ எதிரில் டீ குடித்துவிட்டு வந்து, இரண்டு மாசம் ஆகுமாம் என்று சொன்னேன். முருகன் பேரைச் சொல்லிப் பொய். கோவில்பட்டியில் இருக்கும் என் அக்காவிடமும் பத்திரிகை இல்லையாம் என்றேன். அக்காவுக்கு நான் போனே போடவில்லை. பாரதி துவைத்த என் சட்டைகளை மடித்தபடியே கேட்டுக்கொண்டாள்.

மே 17, சனி

"நான் முன்னாடி போறேங்க. நீங்க பின்னாடி வாங்க."

சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள். நான் என்ன நினைச்சேன், என்ன நடக்குது? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, எடுத்துக் குடுத்துடலாம். எங்க இருந்துச்சுன்னு கேட்டா? சட்டைக்கு அடியில எப்படி வந்துச்சுன்னு கேட்டா?

மே 24, சனி

அவள் மட்டும் விண்ணப்பித்தாள்.

ஜூலை 3, வியாழன்

மீனம்பாக்கம். இரண்டு பெட்டி, தலா இருபத்துமூன்று கிலோ. நான்தான் எடை பார்த்துக் கட்டினேன், பருப்புப்பொடிக்கு மூன்று கவர் போட்டு. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க என்றாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனதும் தள்ளுவண்டியை அவளே தள்ளிக்கொண்டு போனாள். இதுவரை விமான நிலையத்தின் உள்ளே கால் வைக்காதவள், எங்கும் தடுமாறவில்லை.

அப்போதும் எரிந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

பத்திரிகையை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போனேன். சம்சாரம் எங்கே என்று கேட்டார்கள். வெளிநாடு என்றேன். இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் சார், அவங்க வரும்போது வாங்க என்றார்கள். அவளுக்கு லீவு அடுத்த வருஷம்தான்.

கடைக்குத் திரும்பினேன். ஆடித் தள்ளுபடி டூட்டிக்கு என் பெயரைப் போட்டாயிற்று என்றார் மாமா.

ஜூலை 20, ஞாயிறு

போனில் சொல்லிவிட்டேன். பத்திரிகை, வடபழனி, அக்கா, எல்லாம்.

"தெரியுங்க. சட்டை அடுக்கும்போதே பாத்தேன்."

அப்பவே ஏன் கேக்கலன்னு கேட்டேன்.

"நீங்களா எடுத்துக் குடுப்பீங்கன்னு இருந்தேன். விண்ணப்பம் போடுற அன்னிக்குக் காலைல வரைக்கும்."

திட்டியிருந்தா தேவலை. திட்டவேயில்லை. அடுத்த வருஷம் லீவுக்கு வரும்போது முதல் வேலையாகப் பதிந்துவிடலாமா என்று கேட்டேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.